பினாங்கிலிருந்து டொரொண்டோ: எந்த வழியில் போவது?

வரும் ஆகஸ்டு மாதம் டொரொண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் என் அக்காள் மகளுக்குத் திருமணம். 74 வயதாகும் அம்மாவை நான்தான் அழைத்துச் செல்கிறேன். திருமணம் முடிந்த பத்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அம்மாவோ மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு, புரட்டாசியில் தனியாகப் பினாங்குக்குத் திரும்புவார். ஆகவே, முழங்கால் வலியுள்ள முதியவர் ஒருவர் துணையின்றி எந்த வழியில் சிரமமில்லாமல் வந்து சேர முடியும் என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது. சீட்டின் விலை அதற்குப் பிறகுதான். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கனடாவில் உறவினர் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதே கணக்கைப் போட வேண்டியிருக்கும் என்பதால், நான் ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் தூரம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 100.28 பாகையில் இருக்கிறது. டொரொண்டோவின் பியர்சன் விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 79.63 பாகையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 179.91 வருகிறது, 180க்கும் இதற்கும் பத்தில் ஒரு பாகை வித்தியாசம்கூட இல்லை. அதாவது, இரு நிலையங்களும் உலக உருண்டையில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்த் தீர்க்கரேகைகளில் அமைந்திருக்கின்றன. இவற்றுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி கிழக்கேயும் போவதில்லை, மேற்கேயும் போவதில்லை. நேர் வடக்கே ஏறி, வட துருவத்தைக் கடந்து, மறுபுறம் தெற்கு நோக்கி இறங்குகிறது. ஒரு பம்பளிமாஸ் பழத்தின் காம்பை வட துருவமாக வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் நடுவயிற்றுக்குச் சற்று மேலே பினாங்கையும், எதிர்ப்பக்கத்தில் நடுவயிற்றுக்கும் காம்புக்கும் இடையே பாதித் தொலைவில் டொரொண்டோவையும் குறித்து, இரண்டுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் காம்பை உரசிக்கொண்டுதான் போகும். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. எனக்கும் பழத்தில் நூல் கட்டிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

அந்தக் கோடு தாய்லாந்தின் பிட்சனுலோக், யுன்னான் மாநிலத்தின் தாலி, சிங்காய் ஏரி, மங்கோலியாவின் கோவ்ஸ்கோல் ஏரி ஆகியவற்றை ஒட்டி ஏறி, சைபீரியாவைக் கடந்து துருவத்தை எட்டுகிறது. அப்பால் கனடாவின் எல்ஸ்மியர் தீவு, ஹட்சன் விரிகுடா, ஜேம்ஸ் விரிகுடா வழியாக ஒன்டாரியோவில் இறங்குகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 14,570 கிலோமீட்டர். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து அளந்தால் இதுவே ஏறத்தாழ 14,850 ஆகிறது. பினாங்குவாசி முதலில் கோலாலம்பூருக்குப் பறப்பது 325 கிலோமீட்டர் தெற்கே பின்வாங்குவதற்குச் சமம் என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லா ஒப்பீட்டிலும் இது தலைகாட்டும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் தூரத்தை இடைநில்லாமல் பறந்தால் 16 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இன்றைய விமானங்களால் இது முடியாத காரியமன்று. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டரை ஏர்பஸ் ஏ350 விமானம் 18 மணி நேரத்துக்கும் அதிகமாக இடைநில்லாமல் பறந்து கடக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய விமானத்தை நாள்தோறும் நிரப்பப் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ டொரொண்டோ பயணிகள் இல்லை. ஆகவே ஓர் இடத்திலாவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். சிங்கப்பூர்–நியூயார்க் வழியும் நமக்கு உதவாது. அமெரிக்க விமான நிலையத்தில் மாறி ஏறுவதற்கு மட்டுமே என்றாலும் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் அமெரிக்க விசா பெற்றிருக்க வேண்டும். கனடா விசாவுக்கே தாள்கள் திரட்டி அலையும் வயதானவரை இன்னொரு விசாவுக்கும் வரிசையில் நிற்க வைக்க எனக்கு மனமில்லை.

எஞ்சியிருப்பவற்றில் ஹாங்காங் வழியே துருவப் பாதைக்கு மிக அருகில் வருகிறது. பினாங்கிலிருந்து ஹாங்காங் ஏறத்தாழ 2,390 கிலோமீட்டர். அங்கிருந்து டொரொண்டோ 12,550. மொத்தம் 14,940 கிலோமீட்டர் என்பதால், மிகக் குறுகிய வழியைவிடக் கூடுதல் 370 மட்டுமே. கேத்தே பசிபிக் பினாங்கிலிருந்தே ஹாங்காங்குக்குப் பறக்கிறது. டொரொண்டோவுக்கும் அதே நிறுவனம்தான். வானில் இருக்கும் நேரம் முதல் கட்டத்தில் 4 மணி, இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ 15 மணி. ஆக 19 மணி நேரப் பறப்பு, ஒரே ஒரு மாற்றம், கோலாலம்பூருக்குப் போகவே தேவையில்லை.

துபாய் வழியில் பினாங்கு–கோலாலம்பூர் 325, கோலாலம்பூர்–துபாய் 5,550, துபாய்–டொரொண்டோ 11,080 கிலோமீட்டர். மொத்தம் 16,955. ஹாங்காங் வழியைவிட 2,000 கிலோமீட்டர் கூடுதல். பறக்கும் நேரம் ஒரு மணி, ஏழே கால் மணி, பதினான்கு மணி என்று 22 மணி நேரத்தைத் தாண்டுகிறது, மாற்றமும் இரண்டு. தோஹா வழியும் ஏறத்தாழ இதே அளவுதான். வளைகுடா வழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். துபாய் விமான நிலையத்தில் தமிழ்க் குரல் காதில் விழாமல் அரை மணி நேரம் உட்கார முடியாது. அம்மாவைப் போன்றவர்கள் வழி தெரியாமல் நின்றாலும் கேட்பதற்கு ஓர் ஆள் கிடைப்பார். ஆங்கிலமோ மலாயோ தெரியாத முதியவர் தனியாகப் பயணம் செய்கிறார் என்றால் இதற்காகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் அறிவேன். அது தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு மலாய் நன்றாக வரும், ஆங்கிலமும் சமாளிப்பார் என்பதால் எனக்கு இந்தக் காரணம் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதாகப் படவில்லை.

நான் நீண்ட நேரம் யோசித்தது இஸ்தான்புல் வழியைப் பற்றித்தான். கோலாலம்பூரிலிருந்து இஸ்தான்புல் ஏறத்தாழ 8,390 கிலோமீட்டர். இஸ்தான்புல்லிலிருந்து டொரொண்டோ 8,170. அளவு வைத்து வெட்டியதுபோல் பயணம் நடுவில் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு கட்டங்களும் தலா 11 மணி நேரத்தை ஒட்டியே அமைகின்றன. இரண்டையும் துருக்கி ஏர்லைன்ஸே இயக்குகிறது. 15 மணி நேரம் ஒரே இருக்கையில் இருப்பதைவிட, 11 மணி நேரம் அமர்ந்து, இறங்கி நடந்து, காலை நீட்டி, மறுபடியும் 11 மணி நேரம் அமர்வது முழங்காலுக்கு நல்லதல்லவா? நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணத்திலும் கூடுகிறது என்றும், பயணம் நீள நீள அபாயமும் வளர்கிறது என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்தக் காரணத்துக்காக இரண்டு நாட்கள் இஸ்தான்புல் பக்கமே சாய்ந்திருந்தேன். பிறகு முழுப் பயணத்தையும் படிப்படியாக எழுதிப் பார்த்தபோது மனம் மாறியது. பினாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கே ஒரு மாற்றம், இஸ்தான்புல்லில் இன்னொரு மாற்றம்; இஸ்தான்புல்லின் புதிய விமான நிலையமோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதே ஒரு பயணம் என்னும் அளவுக்குப் பரந்தது. உட்காரும் நேரம் ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தாலும் மொத்தப் பறப்பு 22 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாளுக்கும் அதிகம். 15 மணி நேரக் கட்டத்தில் அம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தால், மருத்துவர் சொல்லும் இறுக்கக் காலுறையையும் அணிந்துகொண்டால், அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம். இரண்டாவது மாற்றத்தை ஈடுகட்ட வழியில்லை.

லண்டன் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூரம் 16,640 கிலோமீட்டர், துபாயைவிடக் குறைவு. ஆனால் முதல் நீண்ட கட்டமே 14 மணி நேரத்தை நெருங்குகிறது; அதன்பின் அட்லாண்டிக்கைக் கடக்க இன்னும் 8 மணி நேரம். மலேசியா ஏர்லைன்ஸில் போய் ஏர் கனடாவுக்கு மாறினால், ஹீத்ரோவில் நான்காம் முனையத்திலிருந்து இரண்டாம் முனையத்துக்கும் போக வேண்டும். லண்டனில் உறவினர் இருந்து நான்கு நாட்கள் தங்கிப் போவதானால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. தைப்பே, சியோல், தோக்கியோ ஆகியவையும் கணக்கில் நல்ல வழிகளே. கோலாலம்பூரிலிருந்து புறப்படுவோருக்கு சியோல் வழி 15,230 கிலோமீட்டர், தைப்பே வழி 15,325 கிலோமீட்டர் என்று ஹாங்காங்கின் 15,090க்கு மிக அருகில் வருகின்றன. கோலாலம்பூர்வாசியாக இருந்தால் இந்த மூன்றில் எது மலிவோ அதை எடுத்திருப்பேன்.

தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் தாரைக்காற்று, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். ஹாங்காங்கிலிருந்து கிளம்பும் விமானம் பல நாட்களில் துருவப் பக்கம் போகாமல், இந்தக் காற்றின் முதுகில் ஏறி வட பசிபிக்கைக் கடந்து போவதற்கு இதுவே காரணம். கிலோமீட்டர் கூடினாலும் மணி நேரம் குறைகிறது. திரும்பும்போது நிலைமை மாறி, அரை மணி நேரமோ அதற்கு மேலோ கூடுதலாகும். துபாய் வழியில் இது தலைகீழ்: போகும்போது 14 மணி நேரம், திரும்பும்போது 13க்கும் குறையலாம். போகவரச் சீட்டு வாங்குபவர் இரண்டு திசைகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டினாலும் ஹாங்காங்கே முன்னால் நிற்கிறது.

வான்வெளி மூடல் இன்னொரு காரணி. 2022 பிப்ரவரி இறுதியில் கனடாவும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று தன் வான்வெளியை மூடின. ஐரோப்பிய நாடுகளுடனும் அதேபோல் நடந்தது. அதனால் ஏர் கனடாவும் ஐரோப்பிய நிறுவனங்களும் சைபீரியாவின் மேலே செல்லும் குறுக்குவழியை இழந்தன. போர் நடக்கும் இடங்களைச் சுற்றிப் போவதால் கூடும் நேரத்தைப் பற்றி மலேசியர் எவரும் குறைப்பட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். 2014 ஜூலை 17 அன்று உக்ரைன் போர்ப் பகுதிக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானத்தில் மாண்ட 298 பேரை நாம் மறந்துவிடவில்லை.

இனி, வானில் இல்லாத நேரத்தைப் பேச வேண்டும். ஆயர் ஈத்தாமிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வாடகை வண்டியில் போய்விடலாம். கோலாலம்பூரிலிருந்து ஏறுவதானால் உள்நாட்டு விமானம், அல்லது பட்டர்வொர்த்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் இடிஎஸ் ரயில், அங்கிருந்து 57 கிலோமீட்டர் விரைவு ரயில் என்று அரை நாள் கழிந்துவிடும். டொரொண்டோவிலும் பியர்சன் நிலையம் நகரின் மேற்கே இருக்கிறது, ஸ்கார்பரோ கிழக்கே; நடுவில் 401ஆம் எண் நெடுஞ்சாலை. மாலை நெரிசலில் இறங்கினால் அங்கேயும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எளிதில் போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். நீண்ட பயணத்துக்கு ஒரு நிறுவனத்திலும், பினாங்கு–கோலாலம்பூருக்கு மலிவாக இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனியே சீட்டு வாங்கினேன். உள்நாட்டு விமானம் இரண்டரை மணி நேரம் தாமதமானது. அது இறங்கியதோ இரண்டாம் முனையத்தில், என் அடுத்த விமானம் முதல் முனையத்தில். பெட்டியை எடுத்துக்கொண்டு முனையம் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பதிவு மூடப்பட்டுவிட்டது. இரண்டும் தனிச் சீட்டுகள் என்பதால் எந்த நிறுவனத்துக்கும் என்னை அடுத்த விமானத்தில் ஏற்றும் கடமை இல்லை. புதுச் சீட்டுக்கு நானே பணம் கட்டினேன். சேமித்தது 90 ரிங்கிட், இழந்தது அதைப்போல் பல மடங்கு. ஒரே முன்பதிவில் எல்லாக் கட்டங்களும் இருந்தால் பெட்டி கடைசி ஊரில்தான் இறங்கும். ஒரு கட்டம் தாமதமானாலும் அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பாகிறது. அம்மா தனியாகத் திரும்பும் பயணத்தில் இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

முதியவரோடு போகிறவர்கள் முன்பதிவின்போதே இரண்டு கோரிக்கைகளைப் பதிவு செய்துவிட வேண்டும். ஒன்று சக்கர நாற்காலி. இதில் படியேற முடிந்தவர், படியேற முடியாதவர், இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவர் என்று மூன்று வகை உண்டு. அம்மா நடப்பார், ஆனால் படியேற மாட்டார் என்பதால் இரண்டாம் வகையைத்தான் கேட்க வேண்டும். 'நடப்பார்' என்று மட்டும் சொன்னால் முதல் வகையில் பதிந்துவிடுவார்கள், பிறகு விமானத்தின் படிக்கட்டின் முன் நிற்க நேரிடும். மற்றொன்று உணவு. அம்மா திரும்புவது புரட்டாசியில் என்பதால் முட்டைகூடக் கலக்காத சைவம் வேண்டும். 'இந்து உணவு' என்று பட்டியலில் இருப்பதைப் பார்த்து நம்மவர்கள் பலர் அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதில் மாட்டிறைச்சி இருக்காது, ஆனால் வேறு இறைச்சி இருக்கலாம். ஏவிஎம்எல் என்ற குறியுள்ள ஆசியச் சைவ உணவையே கேட்க வேண்டும். அதையும் புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்.

ஹாங்காங் வழியின் உண்மையான பலவீனம் பருவநிலை. ஜூலை முதல் அக்டோபர் முற்பகுதி வரை அங்கே புயல் காலம். எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றினால் விமானங்கள் பல ரத்தாகும். எங்கள் இரண்டு பயணங்களும் அந்தக் காலத்துக்குள்தான் விழுகின்றன. மற்ற வழிகளும் முற்றிலும் பத்திரமானவை என்று சொல்ல முடியாது. 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பெருமழையில் துபாய் விமான நிலையமே வெள்ளத்தில் நின்றது. ஆனாலும் அது அரிதினும் அரிது. ஹாங்காங்கில் புயல் ஆண்டுதோறும் வருவது. இதற்காகத் திருமணத்துக்கு ஐந்து நாட்கள் முன்பாகவே போய்ச் சேரும்படி தேதி வைத்திருக்கிறேன். ஒரு நாள் சிக்கிக்கொண்டாலும் மலேசியக் கடப்பிதழுக்கு ஹாங்காங்கில் விசா தேவையில்லை. குடிநுழைவைக் கடந்து வெளியே வந்து விடுதியில் தங்க முடியும்.

விலையைப் பொறுத்தவரை ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கதவிலிருந்து கதவு வரை ஒரு மணி நேரம் மிச்சமானால் அதற்கு 50 ரிங்கிட் கூடுதலாகத் தரலாம், ஒரு மாற்றம் குறைந்தால் 300 ரிங்கிட் தரலாம் என்று எனக்கு நானே வரம்பு போட்டேன். வேறொருவருக்கு இந்த எண்கள் மாறலாம். தனியாகப் போகும் கல்லூரி மாணவர் மாற்றத்துக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. என் வரம்பின்படி, ஹாங்காங் சீட்டு துபாய் சீட்டைவிட 500 ரிங்கிட் வரை அதிகமாக இருந்தாலும் எங்களுக்கு அதுவே மேல். அதற்கும் மேல் போனால் மறுபடி யோசிப்பேன்.

ஆகஸ்டில் பினாங்குக்கும் டொரொண்டோவுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியிருக்காவிட்டால் இந்தக் கணக்கு இவ்வளவு வட்டமாக வந்திருக்காது. சீட்டில் உள்ள டொரொண்டோ நேரத்தில் காலை, மாலையை மட்டும் மாற்றிப் படித்தால் மலேசிய நேரம் கிடைத்துவிடும். காலை 11 மணிக்குப் பினாங்கில் ஏறி அதே தேதியில் இரவு 9 மணிக்கு அங்கே இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், நமக்கு அது மறுநாள் காலை 9 மணி. ஆகவே மொத்தப் பயணம் 22 மணி நேரம். நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு போகிறவர்கள் 13 மணி நேரமாகக் கணக்கிட வேண்டும். உடல் ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் பழகும் என்பதால், எந்த வழியில் போனாலும் முதல் வாரம் இரவும் பகலும் மாறித்தான் இருக்கும். அதில் எந்த வழிக்கும் சலுகை இல்லை.

சீட்டு பதிவாகிவிட்டது. ஹாங்காங்கில் ஒன்றரை மணி நேர இடைவெளியுள்ள இணைப்பும் மூன்று மணி நேர இடைவெளியுள்ள இணைப்பும் இருந்தன. சக்கர நாற்காலி வந்து சேரும் வரை எல்லாப் பயணிகளுக்கும் பின்னால் அம்மா விமானத்திலேயே காத்திருப்பார் என்பதால் மூன்று மணி நேரத்தையே எடுத்தேன். இருக்கை, நடைவழியை ஒட்டியது, கழிவறையிலிருந்து நான்கு வரிசை தள்ளி. அதே இருக்கையைத் திரும்பும் பயணத்துக்கும் கேட்டிருக்கிறேன்.